வெள்ளம் வந்தப்போ தலைவர் இருந்த இடம்

வாங்க மேடம், உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. பிலோமினா வீடுதானே கேட்டீங்க? போகலாம், போகலாம், அது எங்கயும் ஓடிப்போவாது. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ஒரு எடத்துக்கு வர்றவங்க மொதல்ல யாரைப் பாக்கணும்? தலைவரைப் பாக்கணுமா, மீன் விக்கறவளைப் பாக்கணுமா? வெளியில போர்டு பார்த்திருப்பீங்களே. ‘பூவரசங்கரை குடியிருப்போர் நலச் சங்கம். தலைவர்: மு. தனகோட்டி.’ அந்த தனகோட்டி நான்தான். செயலாளர் பேரும் இருந்துச்சு. அவர் வீடு மாத்திக்கினு போயிட்டார், பெயிண்ட் அடிச்சு மறைச்சாச்சு. பொருளாளர் காலமாயிட்டார். இப்ப எல்லாம் நானே பாத்துக்கறேன். பாரம்தான், இன்னா பண்றது.

வெள்ளத்துல இந்தக் குப்பம் எப்படித் தப்பிச்சுதுன்னு எழுத வந்திருக்கீங்க. தெரியும். இதுக்கு முன்னாடியும் வந்தாங்க. ஒரு வெள்ளைக்காரம்மா கூட வந்துச்சு. எல்லாரும் நேரா பிலோமினா வீட்டுக்குப் போயி, அவ வெக்கற சுறாப்புட்டைத் தின்னுட்டு, அவ சொல்றதை எழுதிக்கினு போயிடறாங்க. வெளியில இருக்கற ஜனங்களுக்கு உண்மை தெரிய வேணாமா? எழுதிக்கங்க, மேடம். நான் மொதல்லேருந்து சொல்றேன்.

இந்தப் பொம்பளைங்க குழு எப்படி ஆரம்பிச்சுது தெரியுமா? தண்ணி லாரியில. அதுக்கு மேல ஒண்ணும் இல்லை. லாரி எப்ப வரும்னு தெரியாது, வந்தா அடிதடி. குடம் பறக்கும். மண்டை உடைஞ்ச கேசெல்லாம் இருக்குது. ஒரு நாள் இந்த பிலோமினா, வியாபாரத்துக்குப் போறவ, கூடையை எறக்கி வெச்சுட்டு லாரி மேல ஏறிட்டா. ஏறி நின்னுக்கினு போட்டா பாருங்க ஒரு சத்தம். மார்க்கெட்டுல கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை அது. “இன்னிக்கு முதல் சந்து முன்னாடி, அடுத்த வாட்டி ரெண்டாவது சந்து முன்னாடி. வேலைக்குப் போனவ குடத்தைப் பக்கத்து வீட்டுக்காரி புடிச்சு வெக்கணும். இஷ்டம் இல்லாதவ இப்பவே சொல்லு”ன்னா. எல்லாரும் குடத்தைத் தூக்கிக்கினு வரிசையில நின்னுட்டாளுங்க. நான் டீக்கடையில இருந்து பாத்துக்கினுதான் இருந்தேன். தடுத்திருக்கலாம். தடுக்கலை. அப்படின்னா நான் அனுமதி கொடுத்தேன்னுதானே அர்த்தம்? அதை யாரும் சொல்றதில்லை.

அப்புறம் ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு அடையாளம். ஒருத்தி நகப்பாலிஷ்ல பூ போட்டிருப்பா. ஒருத்தி சிலுவை, ஒருத்தி பிறை. எங்க வீட்டுக் குடத்துல மஞ்சள் துணி. தூரத்துல இருந்து பாத்தே யார் குடம்னு சொல்லிடுவாளுங்க. குடத்தை மட்டுமா? யார் வீட்டுல யாருக்கு சுகர், யார் வீட்டுல யார் படுத்த படுக்கை, எவ வயித்துல புள்ளை இருக்கு, எல்லாம் தெரியும். வம்பு மேடம், வம்பு. தண்ணிக்கு நிக்கற நேரத்துல வேற இன்னா பண்ணுவாளுங்க? நான்தான் கிண்டலா ‘குடக் கட்சி’ன்னு பேரு வெச்சேன். வெக்கமே இல்லாம அந்தப் பேரையே வெச்சுக்கினாளுங்க.

சரி, மழைக்காலம் வந்துச்சு. ஐப்பசி. தண்ணிக்கு வரிசை நின்னமா, வூட்டுக்குப் போனமான்னு இருக்கணுமா இல்லையா? அதான் இல்லை. சந்துக்கு ஒரு விசில் வாங்கினாளுங்க. ஆத்தோரத்துலேருந்து மேல ஸ்கூல் வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் நைலான் கயிறு கட்டினாளுங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மனுஷன் கறி சோறு தின்னுட்டுக் கண் அசருவான், அப்பப் பாத்து விசிலடிச்சு, எல்லாரும் கயித்தைப் புடிச்சுக்கினு ஸ்கூலுக்கு நடந்து பாக்கறது. ஒத்திகையாம். கிழவன் கிழவியெல்லாம் சிரிச்சுக்கினே போறாங்க. நான் ஸ்டேஷன்ல புகார் கொடுத்தேன். பொது அமைதிக்கு பங்கம். அங்க இருந்த ரைட்டர் முழுசாக் கேட்டுட்டு, “எங்க தெருவுக்கும் வந்து சொல்லிக் கொடுப்பாங்களா தலைவரே?”ங்கறார். நாடு எங்க உருப்படும்?

அப்புறம் ஒரு நாள் பிலோமினா வந்தா, கூட ரெண்டு மூணு பேர். இந்தக் கட்டடத்துச் சாவியைக் கேட்டாளுங்க.

“தலைவரே, குப்பத்துலயே உங்க கட்டடம்தான் மேடு. அரிசி, பருப்பு, மாத்திரை மருந்து எல்லாம் ஒரு மூலையில வெச்சுக்கறோம். வெள்ளம் வந்தா ஸ்கூலுக்கு எடுத்துக்கினு போறதுக்குச் சுலபமா இருக்கும்.”

நான் இன்னா முடியாதுன்னா சொன்னேன்? முறைப்படி மனு கொடுங்க, செயற்குழு கூடி தீர்மானம் போடணும்னேன்.

“செயற்குழுன்னா நீங்க மட்டும்தானே தலைவரே?”

அதுக்காக நடைமுறையை விட்டுட முடியுமா? தரைக்கு அப்பத்தான் டைல்ஸ் போட்டிருந்துச்சு. புது நாற்காலி வந்து இறங்கியிருந்துச்சு, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கலை. அதுங்க மேல அரிசி மூட்டை போட்டா இன்னாத்துக்கு ஆவும்? அவ கெளம்பிட்டா. ஆனா போறப்ப பழைய ஃப்ளெக்ஸ் பேனர் இருந்தா கொடுங்கன்னு கேட்டா. என் பிறந்த நாளுக்கு வெச்ச பேனர் பின்னாடி சுருட்டிக் கெடந்துச்சு. எடுத்துக்கோன்னேன். ஏதோ நம்ம மேல மரியாதை, வீட்டுல மாட்டப் போறான்னு நெனைச்சேன்.

நானும் சும்மா இருக்கலை, மேடம். அதையும் எழுதிக்கங்க. தாலுகா ஆபீஸ்ல போயி மனு கொடுத்தேன். கரையை உயர்த்தணும்னு. கொடுக்கறப்ப போட்டோ எடுத்தேன், செவுத்துல மாட்டியிருக்கு பாருங்க. முன்னெச்சரிக்கைன்னா அது. விசில் ஊதறது இல்லை.

வெள்ளம் வந்த அன்னிக்கு விடிஞ்சதுலேருந்து விடாம மழை. பொழுது ஏறியும் வெளிச்சமே இல்லை. பிலோமினாவுக்கு யாரோ போன் பண்ணாளாம். மேலாண்ட கரையில மீன் விக்கறவ. ஏரியைத் திறந்துட்டாங்க, எங்க ஊரு கோயில் படியைத் தண்ணி தொட்டுடுச்சு, எழுந்து ஓடுங்கடின்னு. உடனே இவ விசிலை வாயில வெச்சுட்டா. கேக்கறேன், மீன்காரி சொன்னா வெள்ளம் வந்துடுமா? அதிகாரி சொல்ல வேணாமா? என்கிட்ட நம்பர் இருக்குது. அடிச்சேன். ரிங் போவுது, எடுக்கலை. திரும்ப அடிச்சேன், எடுக்கலை. எடுக்கலைன்னா இன்னா அர்த்தம்? ஆபத்து ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். ஆபத்து இருந்தா எடுத்திருப்பாங்களே!

அப்பத்தான் நான் மைக்கைப் போட்டேன். சங்கத்துக்குச் சொந்தமா மைக் செட்டு இருக்குது. ஆத்தோரம் வரைக்கும் கேக்கும். “பூவரசங்கரை வாழ் பொதுமக்களுக்கு ஓர் அன்பான அறிவிப்பு. வதந்திகளை நம்ப வேண்டாம். அதிகாரப்பூர்வ தகவல் வரும் வரை அனைவரும் அவரவர் வீட்டிலேயே இருக்கும்படி தலைவர் தனகோட்டி கேட்டுக்கொள்கிறார்.” தெளிவாத்தான் சொன்னேன். நான் பேசப் பேச என் கண்ணு முன்னாடியே போறாங்க, மேடம். கயித்தைப் புடிச்சுக்கினு, தலையில குடம், இடுப்புல குழந்தை, படுத்த படுக்கையா கெடந்தவங்களை நாற்காலியில உக்கார வெச்சுத் தூக்கிக்கினு, சந்து சந்தா போறாங்க. ஒருத்தர் திரும்பிப் பாக்கலை. அந்த வரிசையில யாரு? என் பொண்டாட்டி! கஸ்தூரி! கழுத்துல விசில் தொங்குது. மூணாவது சந்துக்கு அவதான் பொறுப்பாம். எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போவா. சரி, வயசாக வயசாக பக்தி கூடுதுன்னு நானும் சந்தோஷப்பட்டுக்கினு இருந்தேன்.

“ஏங்க, வந்துடுங்க. அந்த மைக்கை வெச்சுட்டு வந்துடுங்க”ன்னு கூப்பிட்டா. எல்லார் எதிர்லயும். நான் திரும்பிக்கினேன்.

ஒரே ஒருத்தர்தான் நின்னு கேட்டார். ஏகாம்பரம். மார்க்கெட்டுல மூட்டை தூக்கிக்கினு இருந்தவர், முட்டி போயிடுச்சு, வீட்டோட இருந்தார். ஆத்தை ஒட்டின கடைசி வீடு. பொண்டாட்டி பேரு வடிவு. மழையில நனைஞ்சுக்கினு, கையைக் கட்டிக்கினு என் எதிர்ல வந்து நின்னார்.

“தலைவரே, போவணுமா, வேணாமா? வடிவு போவணும்ங்கறா.”

“நான் சொல்ற வரைக்கும் வீட்டுலயே இரு ஏகாம்பரம். தகவல் வந்ததும் நானே சொல்றேன்.”

“சரிங்க தலைவரே.”

போயிட்டார். பாத்தீங்களா? கட்டுப்பாடு. ஒரு சங்க உறுப்பினர்னா அப்படி இருக்கணும்.

கொஞ்ச நேரத்துல கரண்டு போச்சு. மைக் செத்துடுச்சு. அப்புறம் தண்ணி வந்துச்சு. வந்துச்சுன்னா, ஓடி வரலை, மேடம். சந்துக்குள்ள சத்தமில்லாம ஏறுது, பால் பொங்கற மாதிரி. எனக்கு மொதல்ல ஞாபகம் வந்தது இந்த நாற்காலிங்கதான். பொதுச் சொத்தாச்சே. உள்ள வந்து எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினேன். ஆம்ப்ளிஃபயரை பீரோ மேல ஏத்தினேன். திரும்பிப் பாத்தா இடுப்பளவு தண்ணி. கதவு வெளிப்பக்கமா திறக்கற கதவு. தள்ளறேன், தள்ளறேன், அசையலை. வெளியில தண்ணி அந்தாண்டயிருந்து அழுத்துது. சன்னலுக்குக் கம்பி போட்டதும் நான்தான், திருடன் வரக்கூடாதுன்னு. நாற்காலியெல்லாம் மிதக்க ஆரம்பிச்சுடுச்சு. நான் பீரோ மேல ஏறி ஆம்ப்ளிஃபயரைக் கட்டிப் புடிச்சுக்கினு உக்காந்துட்டேன். பயந்துட்டேன்னு பிலோமினா சொல்லுவா. நம்பாதீங்க. நான் தலைமையிடத்தை விட்டு நகராம இருந்தேன். அவ்வளவுதான்.

இப்ப அங்க ஸ்கூல்ல இன்னா நடந்துச்சுன்னா, இதைக் கேளுங்க, இதுதான் என் மனசை ரொம்பப் புண்படுத்தின விஷயம். வீட்டுக்கு ஒரு குடம் நல்ல தண்ணி எடுத்துக்கினு போவணும்னு ஏற்பாடு. அங்க போனதும் தண்ணியைப் பெரிய டிரம்ல ஊத்திட்டு, குடத்தை வராண்டாவுல வரிசையா வெக்கணும். வீட்டு ஆளுங்க எல்லாரும் வந்துட்டா குடம் நேரா நிக்கும். யாராவது வரலைன்னா குடத்தைக் கவுத்து வெக்கணும். பாத்ததும் தெரிஞ்சுடும், எந்த வீட்டுல ஆள் குறையுதுன்னு. கஸ்தூரி வந்தா. மஞ்சள் துணி கட்டின குடத்தைக் கவுத்து வெச்சா. உயிரோட இருக்கற புருஷனுக்கு எவளாவது குடத்தைக் கவுத்து வெப்பாளா, மேடம்? நீங்களே சொல்லுங்க. எனக்கு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. இன்னிக்கு வரைக்கும் அதை நான் மறக்கலை.

பீரோ மேல தொங்கப் போட்டிருந்த என் காலுக்குத் தண்ணி வந்துச்சு. திடீர்னு தலைக்கு மேல டொம்மு டொம்முன்னு சத்தம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கடப்பாரை போட்டு உடைக்கறாங்க! ஓட்டை வழியா வெளிச்சம் வருது, அதுல பிலோமினா மூஞ்சி தெரியுது. அவ பக்கத்துல கஸ்தூரி.

“யார் அது, கூரையை உடைக்கறது? யாரைக் கேட்டு உடைக்கறீங்க?”ன்னு நான் கத்தினேன்.

“உங்களைத்தான் தலைவரே, இப்பக் கேக்கறோம். கையைக் குடுங்க”ன்னா பிலோமினா.

புடவையை முறுக்கி முடிச்சுப் போட்டு உள்ள விட்டாளுங்க. புடிச்சு ஏறச் சொன்னாளுங்க. நான் நிதானமாச் சொன்னேன், மொதல்ல ஆம்ப்ளிஃபயர், அப்புறம் நாற்காலி, கடைசியா நான். தலைவன் கடைசியாத்தான் வரணும்.

“நாற்காலி வாணாம் தலைவரே. இன்னும் ஒரு குடம் கவுந்து கெடக்குது. சீக்கிரம் வாங்க.”

குடம்னா இன்னான்னு எனக்கு எப்படித் தெரியும்? இந்த நேரத்துல குடத்தைப் பத்திப் பேசறாளேன்னு எனக்குக் கோவம் வந்துடுச்சு. சங்கச் சொத்தை விட்டுட்டு வந்தா நாளைக்கு நான் ஜனங்களுக்குப் பதில் சொல்லணும். ஆம்ப்ளிஃபயர் வராம நான் வரமாட்டேன்னு சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சுவார்த்தை ஆச்சு. அவ கெஞ்சறா, நான் விளக்கறேன். கடைசியில கஸ்தூரி ஓட்டைக்குள்ள தலையை விட்டு, “யோவ், ஏறுய்யா”ன்னா. கல்யாணம் ஆனதுலேருந்து அவ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஏறிட்டேன். ஆம்ப்ளிஃபயரையும் புடவையில கட்டி ஏத்திட்டுத்தான் ஏறினேன். அதை எழுதிக்கங்க.

கீழ தெப்பம் நிக்குது. தண்ணி புடிக்கற நீல டிரம்முங்களைச் சேத்துக் கட்டி, மூங்கில் போட்டு, மேல ஃப்ளெக்ஸ் விரிச்சிருக்கு. எந்த ஃப்ளெக்ஸ்? என் பிறந்த நாள் பேனர். என் மூஞ்சி மேலயே என்னை உக்கார வெச்சுத் தள்ளிக்கினு போனாளுங்க. ‘ஏழைகளின் விடிவெள்ளியே’ன்னு எழுதியிருந்துச்சு. அதுல ‘வெள்ளி’ங்கற எழுத்து மேல ஈரச் சேலையோட கஸ்தூரி உக்காந்திருக்கா. கூட ஆம்ப்ளிஃபயர். மூணு பேர் பாரம் ஆனதும் தெப்பம் கொஞ்சம் மெதுவாத்தான் போச்சு. கயித்தைப் புடிச்சு இழுத்து இழுத்துப் போவணும், எதிர் வேகம் வேற. பிலோமினா பின்னாடி ஆத்துப் பக்கமே பாத்துக்கினு வர்றா. நான் ரெண்டு வாட்டி கூப்பிட்டேன், அந்தப் பக்கத்துலேருந்து கண்ணை எடுக்கலை. மரியாதை அவ்வளவுதான்.

ஏன் என்னை மொதல்ல எடுத்தாங்கன்னு கேப்பீங்க. தலைவர்ங்கற முறையில. வேற இன்னா? கஸ்தூரி அப்படி இல்லைங்கறா. கிட்ட இருக்கற ஆளை எடுத்துட்டு எட்ட இருக்கற ஆளுக்குப் போறதுதான் ஏற்பாடாம், மைக் செட்டு இல்லைன்னா ரெண்டும் ஒரே நடையில முடிஞ்சிருக்குமாம். அவ எப்பவும் அப்படித்தான், எதையும் குறைச்சுத்தான் பேசுவா.

ஸ்கூல்ல போயிப் பாத்தா ஒரு கல்யாண வீடு மாதிரி இருக்குது. மாடியில சோறு வேவுது. சுகர்காரங்களுக்கு ஊசி மருந்தை ஈர மணல் போட்ட பானையில வெச்சிருக்காங்க. என் மாத்திரையும் ஒரு பொட்டலத்துல பேர் போட்டு இருக்குது. எனக்கு சுகர்ங்கறது இந்தக் குப்பத்துல யாருக்கும் தெரியாதுன்னு நெனைச்சுக்கினு இருந்தேன்! வம்புக்காரிங்க. கஸ்தூரி வராண்டாவுக்குப் போயி மஞ்சள் துணிக் குடத்தை நிமித்தி வெச்சா. அப்பத்தான் நானே அந்த வரிசையைப் பாத்தேன். எல்லாம் நேரா நிக்குது. ஒண்ணு மட்டும் கவுந்து கெடக்குது. அது பக்கத்துல வடிவு உக்காந்திருந்தா.

தெப்பம் திரும்பிப் போச்சு. பிலோமினாவும், இன்னும் ரெண்டு பேரும். கடைசி வீடு வரைக்கும் போயிருக்காங்க. வீடு இருந்த எடத்துல சுழல்தான் இருந்துச்சாம். மறுநாள் தண்ணி வடிஞ்சப்புறம்தான் ஏகாம்பரம் கெடைச்சார், பாலத்துக் கம்பியாண்ட.

அக்கரையில எத்தினி பேர் போனாங்கன்னு விசாரிச்சுப் பாருங்க, மேடம். வீட்டுக்கு வீடு சாவு. இங்க அவர் ஒருத்தர்தான். அதனாலதான் உங்களை மாதிரி ஆளுங்க வர்றீங்க. ஆனா ஒருத்தராவது அந்தப் பெருமையில சங்கத்துக்குப் பங்கு கொடுத்தாங்களா? மேல பாருங்க, அந்த ஒரு ஷீட்டு புதுசா இருக்குதே. அதை அவங்களே வந்து போட்டுக் கொடுத்தாங்க, உண்மைதான். ஆனா உடைச்சதுக்கு வருத்தம் தெரிவிக்கணுமா இல்லையா? நோட்டீஸ் அனுப்பினேன். பதிலே இல்லை. அரிசி மூட்டையெல்லாம் இப்ப இங்கதான் கெடக்குது, அந்தத் திரைக்குப் பின்னாடி. சாவியைக் கஸ்தூரி எடுத்துக் கொடுத்துட்டா. மனு இல்லை, தீர்மானம் இல்லை, ஒண்ணும் இல்லை.

என்னை விட்டுத் தள்ளுங்க. ஏகாம்பரத்தைப் பத்திச் சொல்லணும். அவருக்குச் சங்கத்தின் சார்பா கண்ணீர் அஞ்சலி பேனர் வெச்சது நான்தான். ‘கட்டுப்பாட்டின் சிகரம்’னு போட்டேன். யாரோ ராத்திரியோட ராத்திரியா அவுத்துட்டாங்க. யாருன்னு தெரியும். போவட்டும்.

கருமாதி அன்னிக்குப் பெரிய மாலையா வாங்கிக்கினு போனேன். நான் உள்ள நுழைஞ்சதும் பொம்பளைங்க எல்லாரும் எழுந்து அந்தாண்ட போயிட்டாங்க. கஸ்தூரியும்தான். வடிவு மட்டும் அவர் படத்தாண்ட உக்காந்திருந்தா. அழுவலை. என்னைப் பாத்து மெதுவாச் சொன்னா:

“நான் கையைப் புடிச்சு இழுத்தேன் தலைவரே. வாய்யா, எல்லாரும் போயிட்டாங்க, தண்ணி படி ஏறிடுச்சுன்னு அழுதேன். வாசக்காலைப் புடிச்சுக்கினு நின்னுட்டாரு. நீ குடத்தை எடுத்துக்கினு முன்னாடி போ, தலைவர் இன்னும் சொல்லலையேன்னாரு.”

அப்படியே சொன்னா, மேடம். இந்தக் குப்பத்துல இத்தினி ஜனம் இருக்குது, இத்தினி வருஷம் உழைச்சிருக்கேன், கடைசி வரைக்கும் என் வார்த்தைக்காக நின்ன ஒரே மனுஷன். ஏதாவது சொல்லணுமே. “நல்ல உறுப்பினர்மா”ன்னேன்.

மாலையைப் போடலாம்னு படத்தாண்ட குனிஞ்சேன். வடிவு எழுந்து வந்தா. என் கையிலேருந்து மாலையை வாங்கி அவளே போட்டா.

தலைவர் குனியக் கூடாதுன்னு நெனைச்சிருப்பா. மரியாதை தெரிஞ்ச பொம்பளை, மேடம்.